பதினேழு நிமிடத்தில் நானூறு வீடு

அத்தியாயம் ஒன்பது

காலை ஒன்பது நாற்பதுக்குத் தமிழ்செல்வியின் கணினித் திரையில் ஒரு வரி சிவந்தது.

எல்லம்மா நகர், ஏழாவது பிளாக். குப்பை வாங்கிய வீடுகள் நானூற்றுப் பதினெட்டு. முதல் ஸ்கேன் 9.04. கடைசி ஸ்கேன் 9.21.

பதினேழு நிமிடம். வீட்டுக்கு வீடு பறந்து போனால்கூட நடக்காத காரியம்.

இன்று மட்டும்தானா என்று பின்னால் போய்ப் பார்த்தாள். நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும். கடந்த பதினான்கு நாளும் ஒன்பது மணிக்கு மேல் ஆரம்பித்து, ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் முடிந்திருந்தது. பக்கத்தில் அந்தப் பிளாக்கின் ஐந்து பணியாளர்களின் பெயர்கள். முதல் பெயர் தங்கமணி.

அம்மா.

நாற்காலியிலிருந்து எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடியும் உட்கார்ந்து பார்த்தாள். பெயர் அங்கேயேதான் இருந்தது.

போன சனிக்கிழமை அவள் போட்ட சண்டையை ஆபீஸ் இன்னும் மறக்கவில்லை. ஊர்க் குப்பையை அள்ள ஒப்பந்தம் எடுத்து, ஸ்கேன் கணக்குப் பார்க்க அவளையும் வேலைக்கு வைத்த கம்பெனி, பெரிய லாரிகள் வரப்போகின்றன, நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டது. எந்த நாற்பது? மேஸ்திரிகள் ஆளுக்கொரு பட்டியலோடு வந்து நின்றார்கள். சலாம் போடாதவள், சங்கக் கூட்டத்துக்குப் போனவள், திருப்பிப் பேசியவள். படித்துப் பார்த்த தமிழ்செல்விக்கு ரத்தம் கொதித்தது. "மூஞ்சியப் பாத்து ஆள எடுக்காதீங்க. வேலையப் பாத்து எடுங்க" என்று மேஜையைத் தட்டினாள்.

தட்டியதோடு நிற்கவில்லை, விதியையும் அவளே எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் உண்டு. குப்பை வாங்கியதும் பிளாக்குக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கும் போனில் அதை ஒன்பதரைக்குள் ஸ்கேன் செய்ய வேண்டும்; செய்தால் எல்லாரும் பார்க்கிற திரையில் அந்த வீடு பச்சை. நிமிடத்துக்கு நாலு வீட்டுக்கு மேல் ஸ்கேன் ஆகியிருந்தால் அது போலி. போலி என்றால் அவள் பார்க்கிற பட்டியலில் சிவப்பு. அதிகச் சிவப்பு உள்ள பிளாக் முதலில் வெளியே. எந்த மேஸ்திரியும் வாய் திறக்க முடியாது. புராஜெக்ட் மேனேஜர் ஹரீஷ்குமார் படித்துவிட்டு, "சூப்பர் தமிழ், ரொம்ப டிரான்ஸ்பரன்ட்டா இருக்கு" என்றார்.

அந்த விதி இன்று காலைதான் ஓட ஆரம்பித்தது. நாற்பது பேரின் பட்டியல் மாலை ஐந்து மணிக்கு அவள் கையால் போக வேண்டும்.

அம்மாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அண்ணனுக்குப் போட்டாள்.

"எங்கண்ணே இருக்க?"

"பஸ் ஸ்டாண்டு பின்னாடி. சிப்காட்டுக்கு ஆள் ஏத்திட்டு இருக்கேன்."

"இறக்கி விட்டுட்டு வா."

"ஏழு பேரு உக்காந்திருக்காங்க தமிழு. செகண்ட் ஷிப்டுக்கு முன்னாடி ஓவர்டைம் பாக்கப் போறவங்க வேற. இறங்குங்கன்னா என்னையத்தான் இறக்குவாங்க."

"அப்ப விட்டுட்டு வா. சீக்கிரம்."

அண்ணன் மோகன்குமார் ஷேர் ஆட்டோவோடு வருவதற்கு நாற்பது நிமிடம் ஆனது. பத்தாவதோடு நின்று தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் ஷாப்பில் மெஷின் ஓட்டப் போனவன் அவன். அப்பாவின் ஒற்றைச் சம்பளத்தில் ரெண்டு பேர் படிக்க முடியாது என்பதால் நின்றான். அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவள் ஒருநாளும் மறந்ததில்லை. அதனாலேயே ரெண்டு பேருக்கும் பேச்சில் எப்போதும் ஒரு முள் இருக்கும்.

"என்ன, தங்கச்சி மேடம் ஆபீஸ் நேரத்துல வெளிய வர்றீங்க?"

"எல்லம்மா நகர் போ."

"அங்கயா? ரோடே கிடையாதே. நாலு மாசமா பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருக்கான். முனையில இறக்கி விடுறேன்."

ஆட்டோ ஒரு குழியில் இறங்கி ஏறியது. வண்டிகள் எல்லாம் வேறு ரோட்டில் திருப்பிவிடப்பட்டிருந்ததால், பெங்களூர் போகிற லாரிகளும் கம்பெனி பஸ்களும் ஒரே சந்தில் நுழைந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. தமிழ்செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா போலி ஸ்கேன் பண்ணுதுண்ணே."

அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

"அந்த அட்டையச் சொல்றியா?"

"எந்த அட்டை?"

"அதான். வாசல் ஸ்டிக்கரெல்லாம் போட்டோ புடிச்சு, ஷீட்டு ஷீட்டா பிரிண்டு போட்டு வச்சிருக்குமே. நாந்தான் லேமினேட் பண்ணிக் குடுத்தேன். ஈரம் பட்டா ஸ்கேன் ஆகலன்னு அம்மா சொல்லுச்சு."

திருடனைப் பிடிக்க அவள் ஆபீஸில் வலை பின்னிக்கொண்டிருந்தபோது, வீட்டில் அண்ணன் லேமினேஷன் செய்துகொண்டிருந்திருக்கிறான்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீதான் வீட்டுல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டு இருக்கியே. உனக்கு யாரு சொல்றது?"

எல்லம்மா நகர் முனையில் குப்பை அள்ளும் பேட்டரி வண்டி நின்றிருந்தது. அதற்கு மேல் அது போகாது. மூன்றாம் கிராஸிலிருந்து ஒன்பதாம் கிராஸ் வரை எல்லாக் குறுக்குத் தெருவின் நடுவேயும் ஆள் உயரக் குழி. இருபக்கமும் செம்மண் மேடு. வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வாசல் சென்ட்ரிங் பலகை போட்டிருந்தார்கள். சில இடத்தில் ரெண்டு பலகை. பல இடத்தில் ஒன்று.

ஏழாம் கிராஸில் ஒரு பலகையின் நடுவே அம்மா வந்துகொண்டிருந்தாள். தலையில் கூடை. ஒரு கையில் மக்காத குப்பைப் பை. மற்ற கை கூடையைப் பிடித்திருந்தது. போன் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

மணி பத்து ஐம்பது. திரையில் இந்தத் தெரு ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்து பச்சையாகிவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த ஐந்து மாதத்தில் தமிழ்செல்வி இந்தப் பக்கம் ஒருமுறைகூட வந்ததில்லை. அம்மா வீட்டை விட்டுக் கிளம்புவது காலை நாலரைக்கு. அவள் கிளம்புவது ஒன்பதுக்கு. பார்க்க வேண்டியது எல்லாம் திரையில் தெரிகிறது என்று நினைத்திருந்தாள்.

"தங்கமணி, நீ கூத்துரு ஒச்சிந்தி பாரு. உன் பொண்ணு மேடம் வந்துருச்சு" என்றாள் மாரம்மா. பாகலூர்ப் பக்கத்துக்காரி. பாதி தெலுங்கு, பாதி தமிழ். முழங்காலில் துணி சுற்றியிருந்தது.

எதிர்வீட்டு கேட்டில் சுஜாதா என்ற அந்த வீட்டம்மா ரெண்டு வாளியோடு நின்றிருந்தாள். "நீங்க ஆபீஸா? அந்தக் குழிய மூடச் சொல்லுங்கம்மா. இவங்க மட்டும் வர்லேன்னா நாங்க நாறிப் போயிருப்போம்."

தங்கமணி பலகையை விட்டு இறங்கிக் கூடையை வைத்தாள். "ஏன்டி இந்நேரத்துல? ஆபீஸ்ல விரட்டிட்டாங்களா?"

"அந்த அட்டையக் காட்டும்மா."

தங்கமணியின் முகம் மலர்ந்தது; குப்பையைப் பிரித்து உரமாக்குகிற கொட்டகைக்கு மகளைக் கூட்டிப் போனாள்.

கொட்டகையின் சுவரில் ஏழு அட்டைகள் ஆணியில் தொங்கின. ஒரு கிராஸுக்கு ஓர் அட்டை. வீட்டு வரிசைப்படி ஸ்டிக்கர்களின் படம், கீழே கதவு எண். அம்மா விரல் வைத்துக் காட்டிக்கொண்டே போனாள்.

"இந்தச் சிவப்புப் புள்ளி நாய் இருக்க வீடு. புதுசா வர்ற பிள்ளைகளுக்குத் தெரியணும்ல. இந்தா, பெருக்கல் போட்டது பூட்டுன வீடு. பதிமூணு. அதுக்கு ஸ்கேன் அடிக்க மாட்டோம். குப்பையே போடாத வீட்டுக்கு அடிச்சா அது தப்புல்ல?"

"மத்ததுக்கு மட்டும் வாசல்ல நின்னுதான் அடிச்சீங்களா?"

"எங்கிட்டு நிக்கிறது? ஒம்பதரைக்கு உங்க போன் கதவச் சாத்திருது. குழி தோண்டுனதுல இருந்து எங்களுக்கு முடிய பதினொண்ணு ஆகுது. மாரம்மா கூடையும் போனுமா பலகையில ஏறி உள்ள விழுந்தா. ஏழு தையல். மேஸ்திரிகிட்ட சொன்னேன். எப்பிடியோ அடிங்க, ஒம்பதரைக்குள்ள பச்சை வரணும்னாரு முனிராஜ். அதான் யோசிச்சேன். டீ குடிக்கையில ஒருத்தி அட்டையப் புடிச்சுக்கிருவா, ஒருத்தி அடிச்சுருவா. பெறகு மிச்ச வீட்டுக்குப் போவோம். ஒரு வீடு விடுறதில்ல தமிழு. யார வேணா கேளு."

கேட்க வேண்டிய தேவையே இல்லை. கொட்டகையில் தேங்காய்ச் சிரட்டை ஒரு குவியல், பால் கவர் ஒரு குவியல், மக்குகிறது தனி. ஊரிலேயே இவ்வளவு சுத்தமாகப் பிரிக்கிற பிளாக் இதுதான் என்று போன மாதம் கம்பெனி முதல் பரிசு கொடுத்திருந்தது.

"அம்மா, நாப்பது பேர எடுக்குறாங்க."

"தெரியும். முனிராஜு சொன்னாரு. போலி பண்றவளத்தான் எடுக்குறாங்கன்னு."

"அந்தப் போலி நீதாம்மா. உங்க அஞ்சு பேர் பேரும் வந்துருச்சு."

தங்கமணி பால் கவர் ஒன்றை உதறிக் குவியலில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"யாரு சொன்னா நாங்க போலின்னு?"

"ரூல் சொல்லுது. நிமிஷத்துக்கு நாலு வீட்டுக்கு மேல அடிச்சா போலி."

"யாரு போட்ட ரூலு?"

மாரம்மா வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மோகன்குமார் வாசலுக்கு வெளியே ஆட்டோ சாவியைச் சுழற்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"நான்" என்றாள் தமிழ்செல்வி.

அம்மா திட்டியிருந்தால் அவளும் திருப்பிக் கத்தியிருப்பாள். அவளுக்குத் தெரிந்த வழி அது. தங்கமணி திட்டவில்லை.

"நாலுன்னு எப்பிடிக் கண்டுபுடிச்ச?"

"நம்ம தெருவுல நானே நடந்து பாத்தேன்."

"குழி இருந்துச்சா?"

"இல்ல."

"தலையில கூடை?"

"இல்லம்மா."

"அப்ப நடந்து பாத்திருக்க. அம்புட்டுத்தான்." கைகளைத் துடைத்துக்கொண்டாள். "என்னமோ பண்ணு. ஆனா அட்டையப் பத்தி மேல எழுதிறாத. இப்ப எட்டுப் பிளாக்குல இதுதான் ஓடுது. நாந்தான் எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தேன். எனக்காக அவளுக வயித்துல அடிச்சுறாத."

எட்டு.

அந்த எண் ஆபீஸ் வரும் வரை தமிழ்செல்வியின் தலைக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. வந்ததும் திரையைத் திறந்து சிவப்பு வரிகளை எண்ணினாள். எட்டுப் பிளாக், பிளாக்குக்கு ஐந்து பேர். நாற்பது. பிறகு சாக்கடைப் பணி நடக்கிற தெருக்களின் வரைபடத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

எட்டும் தோண்டிப் போட்ட இடங்கள். ஒன்றுகூட மாறவில்லை.

அவள் விதி சோம்பேறியைக் கண்டுபிடிக்கவில்லை. குழியைக் கண்டுபிடித்திருந்தது. குழிக்குள் இறங்கி ஏறுகிறவளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தது. மேஸ்திரிகளின் பட்டியலில்கூட இவ்வளவு அநியாயம் இல்லை.

வரைபடத்தையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு ஹரீஷ்குமாரின் அறைக்குப் போனாள். அவர் முழுதாகக் கேட்டார். அவரிடம் அந்த நல்ல பழக்கம் உண்டு.

"ஏழாவது பிளாக்ல தங்கமணி உங்க அம்மாவா? முதல்லயே சொல்லியிருக்கலாமே தமிழ். அந்த ஒரு பேர எடுத்துடுங்க. நான் எதுவும் கேக்க மாட்டேன்."

"ஒரு பேருக்காக வரல சார். எட்டுப் பிளாக்கும் குழி இருக்கிற இடம்."

"குழி சிவில் ஒர்க். வேற கான்ட்ராக்ட். நம்ம ஸ்கோப்ல வராது."

"உள்ள விழுந்தது நம்ம ஆளு சார்."

"ரூல் நீங்க போட்டது. மெயில் உங்க பேர்ல இருக்கு. மேல அனுப்பி அப்ரூவலும் வாங்கியாச்சு. இப்ப வந்து ரூல் தப்புன்னா என்னைய என்ன நினைப்பாங்க?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு. நாளைக்குக் காலையில சென்னையிலிருந்து ஒரு டீம் வருது, நம்ம ஸ்கேனிங் சிஸ்டத்தப் பாக்க. எல்லம்மா நகரத்தான் காட்டப் போறோம். முதல் பரிசு வாங்கின பிளாக் இல்லையா. அவங்க போன பிறகு பட்டியல வெளிய விடலாம்."

அவள் அவரையே பார்த்தாள். கிண்டல் செய்கிறாரா என்று தேடினாள். இல்லை. உண்மையாகவே அதில் அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை.

"காலையில அவங்கள வச்சு ஷோ காட்டிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புவீங்களா சார்?"

"டோன் வேண்டாம் தமிழ். அஞ்சு மணி."

நாலு நாற்பதுக்குப் பட்டியலைத் திறந்தாள். தங்கமணி என்ற பெயரின் மேல் அம்புக்குறியை வைத்தாள். அழித்தாள். அவ்வளவுதான், ஒரு தட்டு. பெயர் போய்விட்டது. மனசுக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தது. அதைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

காலியான இடம் காலியாக நிற்கவில்லை. நாற்பத்தோராவது பெயர் தானாக மேலேறி வந்து நாற்பதாவது இடத்தில் அமர்ந்தது. பூவம்மாள், பதினோராவது பிளாக். இடம் காலியானால் அடுத்த ஆளை இழுக்கும்படி நிரல் எழுதியதும் அவள்தான்.

அழித்த பெயரைத் திரும்பப் போட்டாள். பட்டியலை மூடினாள். புதிதாக ஒரு மெயிலைத் திறந்தாள். ஹரீஷ்குமாருக்கு, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு, மாநகராட்சிச் சுகாதார அலுவலருக்கு, பொறியாளருக்கு.

'நிமிடத்துக்கு நாலு வீடு என்ற விதி தவறு. அதை எழுதியவள் நான். களத்துக்குப் போகாமல் எழுதினேன். சிவப்பாக வந்த எட்டுப் பிளாக்கும் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய இடங்கள். அங்கே ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு குப்பை வாங்க முடியாது. ஒன்பதரைக்குச் செயலி மூடுவதால் பணியாளர்கள் ஸ்டிக்கர்களை அட்டையில் அச்சடித்து ஸ்கேன் செய்கிறார்கள். குப்பையை முழுதாக எடுக்கிறார்கள். வரைபடம் இணைத்துள்ளேன். என்னால் இந்தப் பட்டியலைத் தர முடியாது.'

அட்டை என்ற சொல்லில் விரல் நின்றது. அதை எடுத்துவிட்டால் பதினேழு நிமிடத்துக்கு விளக்கமே இல்லை. எடுக்காவிட்டால் அம்மாவின் பேச்சை மீறியதாகும். மணி நாலு ஐம்பத்தேழு.

அனுப்பினாள்.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்துவிட்டாள். வாசலில் எட்டுப் பத்துச் செருப்புகள். உள்ளே மாரம்மாவும் வேறு பிளாக்குப் பெண்களும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். மோகன்குமார் ஒரு மூலையில் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எழுதிட்டியா?" என்றாள் தங்கமணி.

"எழுதிட்டேன்."

"அட்டையவுமா?"

"அட்டையவும்."

ஒருத்தி, "பெத்த பொண்ணே இப்பிடிப் பண்ணா, எங்களுக்கு யாருக்கா இருக்காங்க" என்றாள். தமிழ்செல்வி பையை இறக்கி வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

தங்கமணி கையமர்த்தினாள். "விடு. எப்பவாச்சும் தெரியத்தான் போவுது. இவ வாயாலயே தெரிஞ்சிருச்சு." மகளிடம் திரும்பினாள். "நாங்களும் பேசி முடிச்சுட்டோம். நாளையிலருந்து அட்டை கிடையாது. எட்டுப் பிளாக்குலயும் கிடையாது. உன் ரூலுப்படியே செய்யப் போறோம். ஒரு வாசல்ல நின்னு, கூடைய இறக்கி வச்சு, கையத் துடைச்சு, போன எடுத்து அடிச்சு, பத்திரமா உள்ள வச்சுட்டு, பெறகுதான் பலகையில கால வைக்கிறது. ஒரு வீடு முடிஞ்சாத்தான் அடுத்த வீடு. ஒம்பதரைக்கு எம்புட்டு ஆகுதோ அம்புட்டு."

"நானூறு வீட்டுக்குச் சாயங்காலம் ஆயிரும்மா" என்றான் மோகன்குமார்.

"ஆகட்டும்."

"நாத்தம் அடிக்குமே."

"அடிக்கட்டும்டா. நாலு மாசமா குழி கண்ணுக்குத் தெரியல இவங்களுக்கு. மூக்குக்காவது தெரியட்டும்."

மாரம்மா முதலில் சிரித்தாள். தையல் போட்ட காலை நீட்டிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

தமிழ்செல்வியின் போன் அடித்தது. ஹரீஷ்குமார். மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"தமிழ், மெயில் பாத்தேன். ஹெட் ஆபீஸ்ல ரொம்பச் சூடா இருக்காங்க. நான் சமாளிச்சு வச்சிருக்கேன்." குரல் இதமாகத்தான் இருந்தது. "நாளைக்கு ஆறு மணிக்கு எல்லம்மா நகர்ல டீமுக்கு நீங்கதான் விளக்கணும். ஒம்பதரைக்குத் திரை முழுக்கப் பச்சையா இருக்கணும். எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அந்த அட்டையோ என்னமோ, அத வச்சே பண்ணட்டும். பச்சையா இருந்துச்சுன்னா நாப்பது பேர் விஷயத்த மறுபடி பேசலாம். இல்லேன்னா என் கையில எதுவும் இல்ல. புரியுதா?"

பேசலாம் என்ற அந்தச் சொல் எல்லார் முகத்திலும் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனது. அட்டைகளை ஆணியில் மாட்டினால் போதும். நாளை பதினேழு நிமிடம். நாற்பது பேர் பிழைத்தாலும் பிழைக்கலாம்.

தமிழ்செல்வி அம்மாவைப் பார்த்தாள். தங்கமணி தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. எதிரே இருந்த பெண்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்த்தாள். சற்று முன் குறை சொன்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு யோசித்தாள். பிறகு மெல்ல, அட்டை வேண்டாம் என்று கையை அசைத்தாள்.

"ஹலோ? தமிழ்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். காலையில நல்ல ஷூவா போட்டுட்டு வாங்க. டீம்ல வர்றவங்களுக்கும் சொல்லிருங்க. பலகை வழுக்கும்."